உடன்பறந்தார்

லின்ஸ் நகரில் அச்சடித்த சுவரொட்டியில்
நாங்கள் ஐவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.
வெரோனாவில் பிறந்த வல்தோரிகள்.
வெரோனாவை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.
மூத்தவன் ஒந்த்ரெய்க்கு இத்தாலிய மொழியில்
மூன்று வரை எண்ணத் தெரியும்.
அந்தரத்தில் ஊஞ்சலை விட
மூன்று போதும்.

என் கணவன் கெர்கே
சுவரொட்டியில் எனக்கு அண்ணன்.
அண்ணனும் தங்கையும் ஒரே கட்டிலா என்று
கிராட்ஸ் நகரத்து விடுதிக்காரி
சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.
அதன்பின் எந்த ஊரிலும்
இரண்டு அறை எழுதி
இரண்டுக்கும் காசு கொடுத்தோம்.
காலி அறையில் எல்லோருடைய காலுறைகளும் காய்ந்தன.
ஊரார் பார்க்க
அவன் கையை நான் பிடிக்கலாம்,
முப்பதடி உயரத்தில் மட்டும்.

கை என்றா சொன்னேன்? மணிக்கட்டு.
விரல்கள் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது.
தலைகீழாய்த் தொங்கி எங்களை வாங்கிக்கொள்பவன்
ஆந்தல். மூன்றாவது வல்தோரி, மேடையில் தொனினோ.
அவன் இடது மணிக்கட்டில் ஓர் எலும்பு
கொஞ்சம் துருத்தியிருக்கும்.
இருட்டில் தொட்டாலும் அவன்தான் என்று சொல்லிவிடுவேன்.

செகெத் நகரில் ஒரு செவ்வாய்க்கிழமை
கொக்கிக்கு எண்ணெய் போட ஏறினான்.
ஆட்டம் இல்லை, கூட்டம் இல்லை.
முந்தின இரவு மழையில் நனைந்த வலை
வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

உறவினர் மட்டும், என்றாள் ஆஸ்பத்திரிச் செவிலி.
உடன்பிறந்தவர்கள், என்றோம் நால்வரும்.
ஒருவனுக்குச் செம்பட்டை முடி.
அமாதேயுவுக்கு லிஸ்பன் துறைமுகத்து மூக்கு.
சொன்னதோ நாலு பாஷையில்.
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்துவிட்டு
கதவைத் திறந்தாள்.
பொய் சொன்னதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

தந்தி கிடைத்து மூன்றாம் நாள்
கபோஷ்வாரிலிருந்து வந்தாள் பிரோஷ்கா ஹெகெதூஷ்.
கூடையில் அவித்த முட்டைகள்,
இன்னும் உயிரோடிருப்பவனுக்கு.
அதே எலும்பு அவள் இடது மணிக்கட்டிலும்.
நான் பார்த்தேன். சொல்லவில்லை.

எப்படி விழுந்தான் என்றாள்.
ஒந்த்ரெய் விட்டத்தைக் காட்டினான்.
அவள் நம்பவே இல்லை.
பரணுக்கு ஏறமாட்டானே அவன்,
பூனை மாட்டிக்கொண்டு கத்திய இரவுகூட
ஏணிக்குக் கீழே நின்று அழுதான்,
நான்தான் ஏறினேன்,
உயரம் என்றாலே பயம் அவனுக்கு, உங்களுக்குத் தெரியாதா?

தெரியாது.
ஒன்பது வருஷம்.
ஏறும் முன் சுண்ணப்பொடியை
வேண்டியதற்கு மேல் தேய்த்துக்கொண்டே நிற்பான்,
கஞ்சன் காசு எண்ணுவது போல் என்று சிரிப்போம்.

கல்லில் கொத்த எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.
இருந்த பணத்துக்கு
ஒரு குடும்பப்பெயர்தான் கட்டுப்படியாகும்.
ஹெகெதூஷ் என்று போடு, என்றான் ஒந்த்ரெய்.
வல்தோரி போடுங்கள், என்றாள் பிரோஷ்கா.
அவளுக்காக இவன், இவனுக்காக அவள்,
ஏலம் போல் கீழே இறங்கிக்கொண்டே போனார்கள்.
குளிரில் கைகளை ஊதியபடி நின்ற கல்தச்சன்
பொறுமை போய்
ஆந்தல் என்று மட்டும் கொத்திவிட்டு
மீதிச் சில்லறையைத் திருப்பித் தந்தான்.
அது அவளுடைய ரயில் கட்டணத்துக்கு ஆயிற்று.
முட்டைகளை எங்களிடம் விட்டுப் போனாள்.
ஒரு சுவரொட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த பருவத்துக்கு இரண்டாயிரம் சுவரொட்டி
முன்பே அச்சாகி வந்திருந்தது. ஐந்து வல்தோரிகள்.
ஆகவே உஷ்ஹொரொத் ஊரிலிருந்து
யூர்கோ என்று ஒரு பையனைப் பிடித்து வந்தோம்.
பத்தொன்பது வயது. நல்ல தோள்.
முதல் இரவு கண்ணாடி முன் பொட்டுச் சட்டையை
மாட்டிக்கொண்டே கேட்டான்:
இதில் நான் யார்?

தொனினோ, என்றான் கெர்கே.
மூன்றாவது. வெரோனாவில் பிறந்தவன்.
வெளியே வாத்தியம் தொடங்கிவிட்டது.
நான் அவன் சட்டையின் பின்கொக்கிகளைப் பூட்டினேன்.
ஒந்த்ரெய் சுண்ணப்பொடித் தட்டை
அவன் பக்கம் நகர்த்திச் சொன்னான்:
உனக்கு உயரம் என்றால் பயம்.
மெதுவாய்த் தேய்த்துக்கொள்,
நாங்கள் நிற்கிறோம்.